வற்றாத கிணறுகளின் கணக்கு

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் கிணறு அநேகமாக வற்றுவதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் பகல் முழுக்க இறைத்தாலும் அடுத்த நாள் காலையில் தண்ணீர் பழைய மட்டத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். தமிழகத்தின் கடும்பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு தோண்டித் தோண்டிக் கடனாளியான விவசாயிக்கு இது பொறாமை தரும் வரம். யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரைப் பற்றிய பிழையான நம்பிக்கைகளில் பாதி இந்த வரத்திலிருந்து பிறந்தவை. கிணற்றில் தண்ணீர் நிற்கிறது என்பதையும் நிலத்தடியில் நன்னீர் இருக்கிறது என்பதையும் இங்கே ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியாது. நன்னீர் குறையும்போது அதன் இடத்தைக் கடல் நிரப்பிவிடுகிறது. மட்டத்தை மட்டும் அளக்கிறவருக்கு இந்த இடமாற்றம் தெரியவே தெரியாது.

தீபகற்பம் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். மூன்று பக்கம் கடல், உள்ளே உப்பாறும் தொண்டைமானாறும் என்று பெயர் பெற்ற கடனீரேரிகள். பெயரில் ஆறு இருந்தாலும் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் தெல்லிப்பளைப் பக்கமிருந்து அராலிக் கரை நோக்கி ஓடி அடங்கிவிடும். ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீற்றர்; அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றில் கொட்டித் தீர்கிறது. மீதி மாதங்களில் குடிக்கவும் குளிக்கவும் பயிருக்கும் அந்த மழையின் சேமிப்புத்தான்.

சேமிப்புக் கிடங்கு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். உட்கரைந்து வெடிப்பும் பொந்துமாய்க் கிடக்கும் இந்தக் கல்லுக்குள் மழைநீர் வேகமாக இறங்கும், அதே வேகத்தில் பக்கவாட்டிலும் நகரும். கீரிமலையில் கடலோரத்துக் கேணிக்குள் நன்னீர் பொங்குவதும், புத்தூருக்கு அருகில் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பதும் ஒரே கதையின் இரண்டு காட்சிகள். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று நான்கு நீர்த்தேக்கங்களாக இதைப் பிரிப்பார்கள். இவற்றில் பெரியதும் அதிகம் இறைக்கப்படுவதும் வலிகாமத்தினது.

இந்தத் தேக்கங்களில் நன்னீர் உப்பு நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. 1888-89இல் டச்சுக்காரரான பாடொன் கிபெனும் 1901இல் ஜெர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் கரையோர மணற்பகுதிகளை ஆராய்ந்து தனித்தனியே சொன்ன விதி இங்கேயும் பொருந்தும். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கூட. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி நன்னீர் தாங்கப்படும். திருப்பிப் படித்தால்தான் இதன் கடுமை விளங்கும்: நீர்மட்டம் நிரந்தரமாக 1 அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்பு நீர் 40 அடி மேலேறும். சுண்ணாம்புக்கல்லின் பொந்துகளில் இந்தக் கணக்கு அச்சொட்டாக நடவாது. நன்னீருக்கும் உப்பு நீருக்கும் இடையில் கூரான எல்லை இல்லை, கலப்பு வலயம் ஒன்று இருக்கிறது. பொந்து வழியே உப்பு முந்திக்கொண்டும் வரும். ஆனாலும் திசை மாறாது. ஒரு பெரிய இயந்திரத்தை ஒரே கிணற்றில் நாள் முழுக்க ஓட்டினால் அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பாக எழும்பும். அதே அளவு தண்ணீரைப் பத்துக் கிணறுகளில் பரவலாக, சிறுகச் சிறுக எடுத்தால் எழும்பாது. எவ்வளவு எடுக்கிறோம் என்பதோடு எப்படி எடுக்கிறோம் என்பதும் சேர்ந்தே தரத்தைத் தீர்மானிக்கிறது.

பழைய துலா இறைப்பு இந்த விதியை அறியாமலே அதற்குக் கட்டுப்பட்டது. துலாவில் ஏறி மிதிக்க ஆள், பட்டை பிடிக்க ஆள், வாய்க்காலில் தண்ணீர் மாற ஆள் என்று ஓர் இறைப்புக்கு மூன்று பேர் உடல் நோக வேண்டும். மனித உடம்பு களைக்கும் இடத்தில் இறைப்பு நின்றுவிடும். ஆகவே அன்று நிலத்தடி நீரின் காவலன் அந்தக் களைப்புத்தான். இதைப் பொற்காலம் என்று பாடுவதில் எனக்கு விருப்பமில்லை. துலா மிதித்தவர்களில் பெரும்பாலோர் பிறருடைய காணியில் கூலிக்கும் குடிமைக்கும் மிதித்தவர்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோது அவர்களின் முதுகு நிமிர்ந்தது. ஆனால் காவலும் போனது.

அடுத்த தள்ளு கொழும்பிலிருந்து வந்தது. அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் தென்னிலங்கைச் சந்தையில் நல்ல விலை. படித்த வாலிபர்கள் உத்தியோகம் தேடுவதை விட்டுத் தோட்டத்தில் இறங்கினார்கள். ஆண்டுக்கு ஒரு போகம் கண்ட தறைகளில் இரண்டு, மூன்று போகம். பூவரசங்குழையும் பட்டி எருவும் வேலி பிரித்த பழைய பனையோலையும் தாழ்த்த மண்ணுக்கு யூரியா மூட்டை மூட்டையாக வந்தது. இந்த உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டுகளில் நிலத்துக்குள் இறங்கியது வெறும் தண்ணீரல்ல.

யூரியாவில் 46 விழுக்காடு நைதரசன். காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் சில வாரங்களுக்குள் நைத்திரேற்றாக மாற்றிவிடும். வயலில் என்றால் தேங்கிய தண்ணீருக்குக் கீழே ஒக்சிசன் இல்லாத சேற்றில் நைத்திரேற்றின் ஒரு பகுதி வாயுவாகிப் பறந்துவிடும். வலிகாமத்துச் செம்மண் தண்ணீர் தேங்கவிடாத மண். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை வெங்காயப் பாத்திக்குக் கட்டிய தண்ணீரில் பயிருக்குப் போக மீதி, கரைந்த நைத்திரேற்றோடு கீழே இறங்கும். மண்ணின் ஆழமும் அதிகமில்லை; அதற்குக் கீழே பொந்துக் கல். இறங்கிய தண்ணீர் அதே கிணற்றுக்கோ பக்கத்துக் கிணற்றுக்கோ திரும்புகிறது. மறுபடி இறைக்கப்படுகிறது, மறுபடி உரத்தைச் சுமந்துகொண்டு இறங்குகிறது. வெப்பத்தில் ஆவியாகும் பங்கு ஒவ்வொரு சுற்றிலும் வெறும் தண்ணீராய்ப் போய்விட, கரைந்தவை எல்லாம் தங்கிவிடுகின்றன. உப்புக்குக் கடல் காரணமில்லாத உள்ளூர்க் கிணறுகளிலும் கோடை முடிவில் தண்ணீர் கனத்திருப்பது இதனால்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியல்ல. மகேஸ்வரனும் மகாலிங்கமும் தீபகற்பத்துக் கிணற்று நீரிலும் மண்ணிலும் நைத்திரேற்று நைதரசனை அளந்து வெளியிட்டது 1983இல். அதே பத்தாண்டில் வேறு ஆய்வுகளும் வந்தன. செறிவாகப் பயிர் செய்யும் செம்மண் பகுதிகளின் கிணறுகள் பல உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டி நின்றன. பின்பு போர். 1990க்குப் பிறகு வடக்குக்கு மண்ணெண்ணெயும் யூரியாவும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் ஏறின. வலிகாமம் வடக்கின் செழிப்பான தறைகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்ப் பற்றை மண்டின. இறைப்பும் உரமும் ஒருசேரக் குறைந்த இந்த இடைவெளி, விஞ்ஞானியின் கண்ணில் எவரும் விரும்பாத, எவரும் திட்டமிடாத ஒரு பரிசோதனை. அதைத் தொடர்ந்து அளந்து வைக்கும் நிலை அப்போது எவருக்கும் இல்லை.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. உவர்த் தண்ணீரை நாக்கு கண்டுகொள்ளும், தேநீர் திரிந்தால் வீட்டுக்காரி கிணற்றை மாற்றுவாள். இதற்கு அப்படி ஒரு காவல் இல்லை. 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் கொம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரில் பால்மாக் கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் நீலம் பாரித்ததற்கு நைத்திரேற்றே காரணம் என்று காட்டினார். குழந்தையின் குருதி ஒக்சிசனைச் சுமக்கும் திறனை இழப்பதால் வரும் நீலம் அது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை கைக்குழந்தையை முன்வைத்தே வகுக்கப்பட்டது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து இல்லை. புட்டிப்பாலைக் கிணற்று நீரில் கரைக்கும்போதுதான். இங்கே ஒரு கொடுமை உண்டு. கிருமிக்குப் பயந்து தண்ணீரைக் கொதிக்க வைப்பது நல்ல பழக்கம். நைத்திரேற்றைக் கொதி கொல்லாது. நீராவி போகப் போக மீதியில் அதன் செறிவு கூடும். கவனமான தாய் கூடுதலாகக் கொதிக்க வைத்தால் கூடுதலாகக் கொடுக்கிறாள்.

பெரியவர்களுக்குப் புற்றுநோய் வருமா என்பது ஊரில் அடிக்கடி கேட்கும் கேள்வி. உடலுக்குள் நைத்திரோசோச் சேர்மங்களாக மாறும் சூழலில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றை, மனிதருக்குப் புற்றுநோய் விளைக்க வாய்ப்புள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2010இல் வகைப்படுத்தியது. ஆனால் வெற்றிலையும் புகையிலையும் சப்பும் சமூகத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோயின் பழியைக் கிணற்றின் தலையில் மட்டும் போடுவது ஆய்வாகாது. இரண்டையும் பிரித்துப் பார்க்காத எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

எண்களை நம்புவது பற்றிச் சொல்ல இன்னும் உண்டு. யாழ்ப்பாணத்து நீர் ஆய்வுகளைப் புரட்டும் பொதுவாசகர் இடறி விழும் முதல் இடம் அலகு. சில அட்டவணைகள் நைத்திரேற்று முழுவதையும் நிறுக்கின்றன. சில அதிலுள்ள நைதரசனை மட்டும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நாலரை மடங்கு வித்தியாசம். முதலாவது கணக்கில் எல்லை 50, இரண்டாவதில் சுமார் 11. ஒரு கிணற்றில் 20 என்று எழுதியிருந்தால் அது பாதுகாப்பானதா, எல்லையின் இருமடங்கா என்பது அட்டவணையின் தலைப்பில் இருக்கும் சிறிய எழுத்தைப் பொறுத்தது. பத்திரிகைச் செய்திகள் அந்தச் சிறிய எழுத்தை அநேகமாக விட்டுவிடுகின்றன.

இரண்டாவது, காலம். கோடை முடிவில் எடுத்த மாதிரியில் உப்பு உச்சத்தில் இருக்கும். நைத்திரேற்றின் போக்கு வேறு: கோடை முழுக்க மேல்மண்ணில் சேர்ந்து கிடந்தது முதல் பெருமழைகளோடு அடித்துக்கொண்டு இறங்குகிறது. மழை வந்தால் கிணறு சுத்தமாகும் என்ற ஊர் நம்பிக்கை உப்பைப் பொறுத்தவரை சரி, நைத்திரேற்றைப் பொறுத்தவரை பல இடங்களில் தலைகீழ். ஆவணியில் ஒருமுறை மட்டும் மாதிரி எடுத்துவிட்டு ஒரு கிராமத்துக்குத் தீர்ப்பு எழுதுவது இதனால் ஆபத்தானது. மூன்றாவது, ஆழம். வாளியால் மேல்நீரை மொண்டால் ஒரு பதில். அடிநீரை எடுத்தால் வேறு பதில். இரண்டு மணித்தியாலம் இறைத்த பிறகு குழாய் வாயில் பிடித்தால் மூன்றாவது பதில். பயிருக்குப் போவது மூன்றாவது தண்ணீர்தான்.

குடிநீருக்கான எல்லையும் பயிருக்கான எல்லையும் வேறு என்பதை நம் பேச்சு கலந்துவிடுகிறது. பயிருக்கு முதல் அளவுகோல் மின்கடத்துதிறன். உப்புக் கூடக் கூட அதுவும் கூடும். 1954இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட கைநூல், சென்ரிமீற்றருக்கு 750 மைக்ரோசீமென்சைத் தாண்டிய பாசன நீரை உவர் கூடியது என்றும் 2,250ஐத் தாண்டியதை மிகக் கூடியது என்றும் பிரித்தது. ஆனால் எல்லாப் பயிருக்கும் ஒரே தாங்குசக்தி இல்லை. மண்சாற்றின் கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமென்சைத் தாண்டியதும் வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்கும், மிளகாய்க்கு 1.5, பீற்றூட்டோ 4 வரை தாக்குப்பிடிக்கும். அதாவது யாழ்ப்பாணம் பெயர் பெற்ற பயிர்கள் இரண்டும் உப்புக்கு மிகவும் கூசுபவை. புகையிலைக்கு வேறு வழியில் அடி: தண்ணீரில் குளோரைட்டுக் கூடினால் இலை எரியும் குணம் கெடும். சுண்ணாம்புக்கல் நீரில் கல்சியம் தாராளமாக இருப்பதால், சோடியம் ஏறி மண் இறுகிப்போகும் கேடு செம்மண் பகுதிகளில் ஓரளவு தடுக்கப்படுகிறது. கேத்திலில் வெள்ளையாய்ப் படியும் காவி தோட்டத்துக்குச் செய்யும் உபகாரம் அது.

இனி, இந்த ஆய்வுகளில் நான் எதிர்பார்த்துக் காணாத ஒரு கணக்கு. நைத்திரேற்று குடிநீருக்கு நஞ்சு, பயிருக்கு உரம். லீற்றருக்கு 15 மில்லிகிராம் நைதரசன் கொண்ட கிணற்று நீரை ஒரு போகத்தில் மொத்தம் 500 மில்லிமீற்றர் உயரத்துக்குப் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்ரயருக்கு 5,000 கனமீற்றர் தண்ணீர். அதில் 75 கிலோ நைதரசன். யூரியாக் கணக்கில் 160 கிலோவுக்கு மேல். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற நம் கணக்கில், பரப்புக்கு ஏறத்தாழ 4 கிலோ யூரியா. தோட்டக்காரர் இதற்கு ஏற்கெனவே ஒருமுறை காசு கொடுத்துவிட்டார். இப்போது கிணறு திருப்பித் தருகிறது. அதைக் கழிக்காமல் சிபாரிசு செய்த முழு உரத்தையும் அதற்கு மேலும் போடும்போது, கூடுதலாய்ப் போட்டது மறுபடி கிணற்றுக்கே போகிறது. தண்ணீரில் வரும் அவ்வளவும் பயிருக்குக் கிடைக்கும் என்றில்லை. பாதி கிடைத்தாலும் உரச் செலவில் கைக்குத் தெரியும் மிச்சம். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து, சில மாதங்களில் பின்வாங்கி, பிறகு யூரியா விலை பல மடங்கு ஏறியபோது இந்தக் கணக்கைத் தோட்டம் தோட்டமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

தோட்டக்காரரை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றக்கூடாது. யாழ்ப்பாண நகரத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய் அமைப்பு இல்லை. இரண்டு பரப்புக் காணியில் வீடு, கிணறு, மலக்குழி. வேலிக்கு அப்பால் அயலாரின் மலக்குழி. அங்கே நைத்திரேற்றோடு மலக்கிருமியும் கிணற்றுக்கு வரும். எது யூரியாவிலிருந்து, எது மலக்குழியிலிருந்து என்று நைதரசனின் சமதானிகளைக் கொண்டு ஓரளவு பிரிக்க முடியும். பரிகாரம் வேறுவேறானதால் அந்தப் பிரிப்பு அவசியம்.

சுன்னாகத்தில் மின்னிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது 2014, 2015இல் பெரும் கொதிப்பானது. பவுசர்களில் தண்ணீர் வந்தது, ஊர்வலங்கள் நடந்தன, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையின்படி, அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்த்தது. முக்கியமான தீர்ப்பு. ஆனால் எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது, அதற்கு ஒரு முகவரி இருந்தது. நைத்திரேற்றுக்கு முகவரி ஆயிரக்கணக்கான தோட்டங்கள். மாசுபடுத்துகிறவரும் குடிக்கிறவரும் ஒரே ஆள். எந்த நீதிமன்றத்தில் யாரை யார் கூப்பிடுவது? சட்டத்தால் ஆகாத இந்த இடத்தில் தோட்டக்காரரின் சொந்த லாபக் கணக்கைத் தவிர வேறு பிடி எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரைக் கூட்டும் யோசனைகளுக்கு இங்கே பஞ்சமிருந்ததில்லை. பொறியியலாளர் ஆறுமுகம் ஐம்பதுகளில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, வாய்க்கால் வெட்டி, உப்பாறு, தொண்டைமானாறு ஏரிகளுக்குக் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணைகள் எழுந்தன, கதவுகள் உக்கின, திட்டம் முழுமை பெறவில்லை. அதன் உள்ளர்த்தம் இன்றும் சரி: ஏரிகளில் உப்பு இல்லாவிட்டால் வில்லையின் ஓரங்கள் உறுதியாகும். அதைவிட எளிய ஒன்று ஊர்க் குளங்கள். ‘தண்ணி நிக்காத குளம்’ என்று சொல்லிக் குப்பை கொட்டி மூடிய குளங்கள் எத்தனை! செம்மண்ணிலும் பொந்துக் கல்லிலும் உள்ள குளத்தில் தண்ணீர் நிற்காததே அதன் வேலை. நின்று காட்டும் குளத்தைவிட ஒழுகி இறங்கும் குளம் கிணறுகளுக்குக் கூடுதல் உதவி செய்கிறது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தங்கள் வயலுக்குத் தண்ணீர் போதாமல் போகும் என்ற அவர்களின் பயம் நியாயமானது. அதற்கு மாற்றாகத் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீடுகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் வீட்டுக்குக் குழாய் வந்ததும் கிணற்றை யார் கவனிப்பார்கள்? குடிக்கிறவரின் பயம்தான் இதுவரை பல்கலைக்கழகத்தையும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையும் மாதிரிப் போத்தலோடு கிராமத்துக்கு வரவைத்தது. அந்தப் பயம் நீங்கினால் நிலத்தடி நீர் தோட்டத்துக்கு மட்டுமான மூலப்பொருளாகிவிடும், அதை அளக்கும் அவசரமும் தணிந்துவிடும்.

ஆகவே அளப்பதைத் தோட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்பது என் வாதம். கமநல சேவை நிலையங்களில் காணி, பயிர் விபரங்கள் ஏற்கெனவே பதிவாகின்றன. அந்தப் பதிவேட்டில் கிணற்றுக்கு மூன்று நிரல் கூட்டலாம்: மின்கடத்துதிறன், குளோரைட்டு, நைத்திரேற்று. கோடை முடிவில் ஒருமுறை, மாரி தொடங்கி ஒரு மாதத்தில் ஒருமுறை, தை மாதத்தில் வெங்காயம் நடும்போது ஒருமுறை. கடத்துதிறனைக் கைக்கருவி ஒன்று உடனே காட்டும். நைத்திரேற்றை முதற்கட்டமாகச் சோதனைப் பட்டியிலேயே பார்க்கலாம், எல்லைக்குக் கிட்ட வந்தால் மட்டும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். விவசாயப் போதனாசிரியர் தண்ணீரின் நைதரசனைக் கழித்த பிறகு மீதி யூரியாவை எழுதிக் கொடுக்கட்டும். உரும்பிராயிலோ குப்பிழானிலோ சில தோட்டக்காரர்கள், பாதிப் பாத்திக்கு வழக்கமான உரமும் பாதிப் பாத்திக்குக் கழித்த உரமும் போட்டு, கிண்டிய வெங்காயத்தை இரண்டு குவியலாக நிறுத்துப் பார்க்க ஒரு போகம் போதும்.